மாப்பிள்ளைத் தோழர்களுக்குப் பெயர் பொறித்த பைப்: எதில் வெட்டுவது, யாருக்குக் கொடுப்பது

நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அக்டோபரில் ஓஹையோவில் கல்யாணம். பெண்வீட்டார் அமெரிக்கர்கள், சர்ச்சில் அவர்கள் முறைப்படி நடக்கிறது. உங்கள் பக்கம் ஐந்து மாப்பிள்ளைத் தோழர்கள் நிற்கிறார்கள். முந்தின நாள் ஒத்திகை விருந்தில் அவர்களுக்குப் பரிசு கொடுக்க வேண்டும். புகையிலை நிரப்பும் கிண்ணத்தின் மேல் பெயரும் கல்யாணத் தேதியும் லேசரில் பொறித்த, புகைபிடிக்கும் மரப் பைப், பெட்டியோடு 45 டாலருக்கு இணையத்தில் கிடைக்கிறது. ஐந்து வாங்கிவிடலாமா என்பது கேள்வி. கடைசி வரியில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறீர்கள்: ஐவரில் மூன்று பேர்தான் புகைப்பவர்கள் (இருவர் பைப், ஒருவர் எப்போதாவது சுருட்டு), மற்ற இருவர் தொடுவதே இல்லை. அதனால் கேள்வி எந்தக் கடை என்பதல்ல. அந்த மூன்று பேர் இதில் நிம்மதியாகப் புகைக்க முடியுமா, புகைக்காத இருவருக்கு இதைக் கொடுப்பது முறையா என்ற இரண்டும்தான் உண்மையான கேள்விகள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் சிகாகோவில் ஒரு புகையிலைக் கடையில் 9 ஆண்டு விற்பனையில் இருந்தேன். அப்புறம் 6 ஆண்டாகப் பழைய பைப்புகளைச் சுத்தம் செய்து பழுது பார்க்கிறேன். நம் ஊர்ப் பெரியவர்கள் சுங்கான் என்றார்களே, அதே சாமான்தான். மே மாதத்திலிருந்து இலையுதிர் காலம் வரை கல்யாண மாப்பிள்ளைகள் இந்தக் கேள்வியோடு வந்துகொண்டே இருப்பார்கள். மரம், துளை, வாய்க்குழல், பூண் இவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். நான் மருத்துவனும் அல்ல, நகை வேலைக்காரனும் அல்ல. அந்த இரண்டு இடத்திலும் எல்லாரும் அறிந்த அளவுக்கு மேல் போகமாட்டேன்.

முதலில் நேரடியான பதில்: அந்த 45 டாலர் பைப்பை வாங்காதீர்கள். விலை குறைவு என்பது காரணமல்ல, 15 டாலருக்கு அருமையான பைப் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் ஒட்டியிருந்த விவரத்தில் "உயர்தர மரம்" என்று மட்டும்தான் இருக்கிறது, என்ன மரம் என்று இல்லை. பைப்புக்கு மரம்தான் எல்லாம். நல்ல பைப்பின் கட்டைக்குப் பிரையர் என்று பெயர். எரிக்கா அர்போரியா என்ற புதர்ச்செடியின் வேருக்கும் தண்டுக்கும் நடுவே திரளும் முண்டு அது. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் வளர்கிறது. பைப் கடையும் அளவுக்கு முண்டு திரளப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டியெடுத்ததைப் பல மணி நேரம் வேகவைத்து, மாதக்கணக்கில் ஆறப்போட்டு, அதன்பிறகுதான் கடைச்சலுக்கு எடுப்பார்கள். இத்தனையும் செய்த கட்டை உள்ளே தணல் இருந்தாலும் எளிதில் கருகாது, வாய்க்குழலை நோக்கி வரும் ஈரத்தையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். பிரான்சின் ஜுரா மலையில் உள்ள சான் குளோத் ஊரில் 1850களில் இந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றுவரை உலகத்தில் பெரும்பாலான நல்ல பைப்புகள் இதில்தான் செய்யப்படுகின்றன. பேரிக்காய் மரத்திலும் பைப் உண்டு, புகைக்கலாம், ஆயுள் குறைவு. பெயர் சொல்லாத மரத்துக்குப் பளபளவென்று வார்னிஷ் பூசி விற்றால்தான் எனக்குப் பயம்.

அப்படி ஒன்று போன ஆண்டு என் மேசைக்கு வந்தது. கிண்ணத்தின் முன்பக்கம் முழுக்கத் தோழரின் பெயர், கீழே தேதி, சுற்றிலும் இலைக்கொடி வளையம், எல்லாம் லேசரில் கருக்கியது. கொண்டுவந்தவர் நான்கே முறை புகைத்திருக்கிறார். எழுத்துகளைச் சுற்றி வார்னிஷ் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. சூட்டில் மெழுகுப் பூச்சு மெல்ல மங்கும், அவ்வளவுதான், மறுபடி தேய்த்தால் வந்துவிடும். வார்னிஷ் அப்படியல்ல, உரியும். பெயரில் இரண்டு எழுத்துக்கு நடுவே இருந்த ஒரு சிறு புள்ளியை ஊசியால் தொட்டேன், பொடியாக உதிர்ந்தது. மக்கு. மரத்தில் இருந்த சொத்தையை மக்கு வைத்து அடைத்து, அதன் மேலேயே பெயரைப் பொறித்திருக்கிறார்கள். அவரிடம் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தேன், செய்வதற்கு அதில் எதுவும் இல்லை.

மரத்தில் பொறிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. கிண்ணத்தின் சுவர் 6, 7 மில்லிமீட்டர் கனம் இருந்தால், அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு எழுத்து வெட்டுவதால் புகைப்பதற்கு எந்தக் கெடுதலும் இல்லை, இது நிச்சயம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத சொத்தை இருந்து அதன்மேல் வெட்டு விழுந்தால் அங்கே சூடு ஏறிக் கட்டை எரிந்துபோகுமா என்பதில்தான் பழுது பார்ப்பவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. நான் பார்த்த எரிந்த பைப்புகளில் பெரும்பாலானவை வேகமாக இழுத்ததால் போனவை. ஆகவே எழுத்தைக் குற்றவாளியாக்க மாட்டேன். என் ஆட்சேபம் வேறு. மாசில்லாத வழவழப்பான கிண்ணம் கிடைப்பது அரிது. அதனால்தான் நிறைய பைப்புகளை மணல் பீய்ச்சியோ உளியால் கொத்தியோ சொரசொரப்பாக்கி விற்கிறார்கள். அவை புகைப்பதற்குக் குறைந்தவை அல்ல, சொல்லப்போனால் விலைக்கு மேலான பைப்புகள். பெயரை மரத்தில்தான் பொறிப்பேன் என்று நின்றால் அவையெல்லாம் கைவிட்டுப் போகின்றன. குறைந்த விலை வழவழப்புப் பைப்புதான் மிஞ்சும், மக்கு அடைத்தது பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

நம் வீடுகளில் சீர்ப் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள். குடத்தின் வயிற்றில் வெட்டமாட்டார். விளிம்பை ஒட்டி, சின்னதாக, முதலெழுத்து, பெயர், ஆண்டு. அம்மாவின் கல்யாணக் குடத்தில் அது இன்றும் படிக்க முடிகிறது. பைப்பிலும் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. கிண்ணத்திலிருந்து நீளும் கழுத்தும் வாய்க்குழலும் சேருமிடத்தில் உலக்கைக்குப் போடுவது போல ஒரு பூண் போட்டிருப்பார்கள், வெள்ளியிலோ நிக்கலிலோ. பெயர் அங்கே இருக்கட்டும். பூண் 8 முதல் 10 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் மூன்று முதலெழுத்தும் ஆண்டும் தாராளமாகக் கொள்ளும். முழுப்பெயரும் கல்யாணத் தேதியும் மணமக்கள் பெயரும் கொள்ளாது. கொள்ளாதது நல்லது என்பது என் எண்ணம். அது அவருடைய பைப், அதில் அவர் பெயர் போதும்.

ஒரு தாத்தாவின் பைப் பழுதுக்கு வந்தது, 1934 என்று வெள்ளிப் பூணில் வெட்டியிருந்தது. கூடவே இரண்டு முதலெழுத்து மட்டும். வாய்க்குழல் எபனைட் என்ற கெட்டி ரப்பர், பச்சையும் பழுப்புமாக மாறியிருந்தது. கிண்ணத்தின் விளிம்பு கருகியிருந்தது. மரத்தில் ஏதாவது எழுதியிருந்தால் நான் தேய்த்துச் சுத்தம் செய்ததில் பாதி போயிருக்கும். பூணில் இருந்த எழுத்து, பெருவிரல் படும் பக்கம் மட்டும் சற்று மழுங்கி, அப்படியே இருந்தது. பேரன் அதை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துக்கு உலோகம்தான் இடம் என்று நான் அடித்துச் சொல்வது இந்த மாதிரி பைப்புகளைக் கையில் வைத்துப் பார்த்ததால்.

நண்பர்கள் பெயரைப் பைப்பில் எழுதுவது உங்களுக்குத் தோன்றிய புது யோசனை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும், கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். ஜெர்மனியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து முதல் உலகப் போர் வரை, பட்டாளத்தில் கட்டாயச் சேவை முடித்துக் கிளம்பும் இளைஞர்கள் நீளமான பைப் ஒன்று செய்துகொள்வார்கள். கிண்ணம் பீங்கான். அதில் படைப்பிரிவின் பெயர், சேவை செய்த ஆண்டுகள், கூட இருந்த தோழர்களின் பெயர் வரிசை, எல்லாம் வண்ணத்தில் எழுதியிருக்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பீங்கான் ஈரத்தை உறிஞ்சாது, சீக்கிரம் சுடும், புகைக்க உகந்ததல்ல. பெரும்பாலானவை சுவரில் நினைவுப்பொருளாகத் தொங்கின. அவர்கள் தெரிந்தே அப்படிச் செய்தார்கள். நீங்களும் சுவருக்கா, கைக்கா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உங்கள் மூன்று நண்பர்களும் புகைப்பவர்கள் என்பதால் கைக்கு என்று வைத்துக்கொண்டே மேலே சொல்கிறேன்.

வெள்ளிப் பூண் என்றால் முதலில் பார்க்கச் சொல்வது டப்ளினின் பீட்டர்சன். 1865இல் தொடங்கிய நிறுவனம், பூணும் உலோகத் தொப்பியும் போட்ட பைப்புகள் அவர்கள் அடையாளம். கழுத்தின் முனையில் அகலமான உலோகத் தொப்பி போட்டு, வாய்க்குழலைச் சும்மா செருகும் வகை ஒன்று உண்டு, ராணுவ வகை என்பார்கள். எழுத்து வெட்ட அதைவிட வசதியான பரப்பு கிடையாது. அசல் வெள்ளியாக இருந்தால் அதிலேயே சின்னஞ்சிறு முத்திரைகள் குத்தியிருக்கும். வெள்ளியின் தரத்துக்கு அத்தாட்சி அவைதான், அவற்றின் மேல் எழுத்து விழாமல் பார்க்கச் சொல்லுங்கள். மிலானில் 1876இல் கடை தொடங்கிய சவினெல்லியிலும் பூண் போட்ட மாடல்கள் உண்டு. இரண்டிலும் நம்பி வாங்கத்தக்க பைப் ஏறக்குறைய 100 டாலரிலிருந்து தொடங்கும், வெள்ளி என்றால் கூடும். வாங்கும் முன் முலாமா, முழு உலோகமா என்று கேளுங்கள். மெல்லிய முலாமில் வெட்டினால் எழுத்துக்குள் அடி உலோகம் வேறு நிறத்தில் தெரியும்.

பைப்பைக் கையில் எடுத்ததும் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு, கடைக்காரர் மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். பைப் கிளீனர் (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) ஒன்றை வாய்ப்பக்கத்திலிருந்து நுழைத்துத் தள்ளுங்கள். முட்டாமல், திருகாமல் கிண்ணத்தின் அடியில் எட்டிப் பார்க்க வேண்டும். துளை கிண்ணத்தின் தரையை ஒட்டித் திறக்க வேண்டும். மேலே திறந்தால் அடியில் எப்போதும் ஈரமான புகையிலை மிச்சம் கிடக்கும். வாய்க்குழல் கழுத்தோடு சேருமிடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், படி தட்டக்கூடாது. எடை 40 கிராமுக்குள் இருந்தால் பல்லில் பிடித்துக்கொண்டே வேறு வேலை பார்க்கலாம், 60 என்றால் கையில்தான் பிடிக்க வேண்டும். வாய்க்குழல் எபனைட்டா அக்ரிலிக்கா என்பது பழக்கத்தைப் பொறுத்தது. எபனைட் பல்லுக்கு மென்மை, வெயில் பட்டால் நிறம் மாறும். அக்ரிலிக் பளபளப்பு போகாது, கடிக்கக் கடினம். பரிசு சில மாதம் பெட்டியில் கிடக்கலாம் என்பதால் நான் அக்ரிலிக்கையே எடுப்பேன். கட்டை எத்தனை ஆண்டு ஆறியது என்று சொல்லி விலை கூட்டுவார்கள். நன்றாக ஆறாத கட்டை கெடுதல் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் பத்தாண்டு ஆறியது ஐந்தாண்டு ஆறியதைவிட ருசி என்பது அவரவர் நாக்கு. அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

மூன்றும் ஒரே வடிவமாக இருக்க வேண்டியதில்லை. ஏற்கனவே பைப் பிடிக்கும் இருவரிடமும் பேச்சுவாக்கில் அவர்கள் பைப்பைக் காட்டச் சொல்லுங்கள். ஒருவர் வளைந்ததையே பிடிக்கிறார் என்றால் நேரானதைக் கொடுத்தால் அலமாரிக்குத்தான் போகும். எப்போதாவது சுருட்டுப் பிடிக்கும் மூன்றாமவருக்குப் பைப் புதிது. அவருக்கு 100 டாலர் பைப்பைவிட நான் முன்பு சொன்ன 15 டாலர் பைப்புதான் சரி: சோளக்கதிரின் தக்கையில் கடைந்தது. மிசூரி மாநிலத்தின் வாஷிங்டன் ஊரில் 1869இல் ஹென்றி டிப்பி என்ற மரவேலைக்காரர் தொடங்கி வைத்தது, அதே ஊரில் மிசூரி மீர்ஷாம் என்ற பெயரில் இன்றும் செய்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி ஜெனரல் மெக்கார்தரின் படங்களில் அவர் வாயில் இருக்கும் அந்தப் பெரிய பைப்பும் இவர்கள் செய்ததுதான். புது பிரையர் பைப்பை ஆரம்பத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பி மெதுவாகப் பழக்க வேண்டும். சோளத்தக்கைக்கு அந்தப் பொறுமை அவ்வளவாகத் தேவையில்லை, முதல் நாளே நன்றாக இழுக்கும். ஒரே குறை, பல ஆண்டு தாங்காது. அதில் பெயர் வெட்டி என்ன பயன்? அதனால் பெயரை டாம்பரில் வெட்டுங்கள், கிண்ணத்தில் புகையிலையை அமுக்கும் அந்தச் சின்ன உலோகக் கம்பியில். பைப் மாறும், டாம்பர் சட்டைப்பையிலேயே இருக்கும். உண்மையில் உங்கள் மொத்த பட்ஜெட் 225 டாலர்தான் என்றால் மூன்று பேருக்குமே சோளத்தக்கைப் பைப்பும் பெயர் வெட்டிய நல்ல டாம்பரும் கொடுங்கள். பைப்காரர் யாரும் அதைக் குறைவாக நினைக்கமாட்டார்.

மீர்ஷாம் கல்லில் செய்த பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். துருக்கியின் எஸ்கிஷெஹிர் பக்கம் வெட்டியெடுக்கும் மென்மையான வெள்ளைக் கல், புகைக்கப் புகைக்கத் தேன் நிறமாகும். அற்புதமான பைப். ஆனால் கீழே விழுந்தால் உடையும், கல்யாணக் கூட்டத்தில் கைமாற்றிப் பார்க்கக் கொடுக்கும் பொருள் அல்ல.

இப்போது புகைக்காத இருவர். அவர்களுக்குப் பைப் கொடுக்காதீர்கள். 9 ஆண்டு விற்றவன் சொல்கிறேன். சிகரெட் போல உள்ளிழுப்பதில்லையே, பைப் பரவாயில்லையே என்று கடையில் தினமும் கேட்பார்கள். உள்ளிழுக்காவிட்டாலும் வாய்வழியாகவே நிகோட்டின் ஏறும். வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்க்குப் பைப் காரணமாகிறது என்பது சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். ஃபில்டர் போட்டால் ஈரம் குறையும், இந்த ஆபத்து மாறாது. தெரிந்து புகைப்பவர் தெரிந்து செய்கிறார். புகைக்காதவர் கையில் நண்பன் கொடுத்த பைப்பும் ஒரு டப்பா புகையிலையும் இருந்தால், ஒருநாள் சும்மா பற்றவைத்துப் பார்ப்போமே என்று தோன்றும். அந்தத் தொடக்கம் உங்கள் கல்யாணப் பரிசிலிருந்து வர வேண்டாம். ஐந்து பேருக்கும் ஒன்று போல இருக்க வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது, அதற்கு வழி இருக்கிறது. பிரையர் கட்டையில் பேனா கடைந்து தருபவர்கள் உண்டு. அதே செம்பழுப்பு, அதே ரேகை. அதன் உலோக வளையத்தில் அதே எழுத்து வடிவில் முதலெழுத்தும் ஆண்டும். விருந்தில் ஐவரும் பெட்டியைத் திறக்கும்போது ஒரே குடும்பத்துப் பொருள் என்று பார்த்ததும் தெரியும்.

கூடவே புகையிலை வைப்பதாக இருந்தால், அமெரிக்காவில் 2019 டிசம்பரிலிருந்து 21 வயது நிரம்பாதவருக்கு எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக்கூடாது, கடையில் அடையாள அட்டை கேட்பார்கள். பெயர் பொறித்த டார்ச் லைட்டர் வேண்டவே வேண்டாம். அந்தக் கூரிய சுவாலை கிண்ணத்தின் விளிம்பைக் கருக்கிவிடும். விமானத்தில் வரும் நண்பர் அதைத் திரும்ப எடுத்துப் போகவும் முடியாது, கைப்பையிலும் சரி, ஏற்றும் பெட்டியிலும் சரி, அனுமதி இல்லை. ஒரு பெட்டி மரத்தீக்குச்சி போதும்.

கடைசியாக, எழுத்து வெட்டக் கொடுக்கும்போது நடந்த ஒரு விபத்தைச் சொல்லிவிடுகிறேன். கடையில் இருந்தபோது ஒரு மாப்பிள்ளைக்காக நான்கு பைப்பை நானே ஒரு நகைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். எழுத்து அருமையாக வந்தது. வெட்டி முடித்ததும் மோதிரத்துக்குச் செய்வது போலவே அவர்கள் நீராவி பீய்ச்சிச் சுத்தம் செய்துவிட்டார்கள். கட்டை ஈரத்தில் உப்பி, நான்கிலும் வாய்க்குழலின் முளை கழுத்துக்குள் போகவில்லை. போதாததற்கு நான்கு வாய்க்குழலையும் ஒரே தட்டில் போட்டுக் கலந்து வைத்திருந்தார்கள். ஒரே மாடலாக இருந்தாலும் ஒவ்வொரு முளையும் அதனதன் கழுத்துக்கென்றே தேய்த்துப் பொருத்தியது, மாற்றிச் செருகினால் ஒன்று தளரும், ஒன்று கழுத்தைப் பிளக்கும். காயவைத்து, ஜோடி சேர்த்து முடிக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு கொடுத்தேன். தவறு என்னுடையது, நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே நீங்கள் கொடுக்கும்போது வாய்க்குழல்களைக் கழற்றி வீட்டிலேயே வையுங்கள், எது எதனுடையது என்று ஒரு சீட்டில் எழுதி. தண்ணீர், நீராவி, திரவம் எதுவும் படக்கூடாது என்று எழுதிக் கொடுங்கள். கிண்ணத்தைத் துணியில் சுற்றிப் பிடித்து வெட்ட முடியுமா என்று முன்னாலேயே கேளுங்கள். அக்டோபர் கல்யாணம் என்றால் ஜூலை முடிவதற்குள் பைப்பும் பேனாவும் கையில் இருக்கட்டும், ஆகஸ்டில் எழுத்து வெட்டி வந்துவிடும். நண்பர்களின் முதலெழுத்தை அவர்கள் எழுதும் வரிசையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அப்பா பெயரின் எழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்பதில் நம்மவர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் வித்தியாசம் உண்டு. வெள்ளியில் வெட்டினது வெட்டினதுதான்.